ஆலயக் கூடத்திலிருந்து கட்டுமானத் தளம் வரை: சாவோ பாவ்லோ வீட்டுரிமை இயக்கத்தில் கத்தோலிக்கச் சமூகப் படிப்பினை

சொத்து, உழைப்பு, வறுமை ஆகியவை பற்றிய கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையான சமூகப் படிப்பினை குறித்த எழுத்துகளில் பெரும்பகுதி, திருத்தந்தையரின் சுற்றுமடல்களுக்கு விளக்கவுரை எழுதுவதோடு நின்றுவிடுகிறது. வீடு என்ற பொருளை எடுத்துக்கொண்டால் அப்படி நின்றுவிட முடியாது. நிலம் யாருடையது, சுவரை யார் எழுப்புவது, பணத்தை யார் கையாள்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடியாக வேண்டும். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில், குறிப்பாக அதன் கிழக்குப் பகுதியில், 1970களிலிருந்து அடித்தட்டு மக்கள் நடத்திய வீட்டுரிமைப் போராட்டம் இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொண்டது. இந்த ஆய்வு அந்த அனுபவத்தைப் பற்றியது.

நிலம் அனைவருக்கும் உரியது என்ற போதனையை நடைமுறைக்குக் கொண்டுவருவதே மிகக் கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். சாவோ பாவ்லோவின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. அங்கே கடுமையான சோதனைக்கு உள்ளானது துணைநிலைக் கோட்பாடுதான். மக்கள் தாமே செய்யக்கூடியதை மேலிருக்கும் அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது, அதேசமயம் அவர்கள் செய்வதற்குத் தேவையான துணையைத் தராமல் ஒதுங்கவும் கூடாது என்ற இருமுனைக் கடமை அது. ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அந்நகரத்து ஏழைகள் தங்கள் உடலுழைப்பால் அறிந்தார்கள்.

படிப்பினையின் அடித்தளம்

திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் தனிச்சொத்துரிமையை உறுதியாக ஆதரித்தது. உழைப்பாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு துண்டு நிலம் வாங்கித் தன் குடும்பத்துக்குக் காப்பு தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் சொத்தை வைத்திருப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் விதம் வேறு என்று இடைக்கால இறையியலாளர் அக்வினாசின் தோமாவைப் பின்பற்றி அவர் வகுத்த வேறுபாடே பின்னர் நிகழ்ந்த வளர்ச்சிக்கெல்லாம் விதையானது. 1931இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் துணைநிலைக் கோட்பாட்டை வரையறுத்தார். உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், உலகப் பொருள்கள் எல்லா மனிதருக்குமாகப் படைக்கப்பட்டவை என்றும், கொடிய வறுமையில் இருப்பவர் மற்றவரின் செல்வத்திலிருந்து தமக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ள உரிமையுள்ளவர் என்றும் கூறியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல், பொதுநலன் கோரும்போது பெருநிலங்களை அரசு கையகப்படுத்தலாம் என்று எழுதினார். 1979 ஜனவரியில் மெக்சிகோவின் புவேப்லாவில் லத்தீன் அமெரிக்க ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஒவ்வொரு தனிச்சொத்தின் மீதும் ஒரு சமூக அடமானம், அதாவது சமூகத்துக்குத் தீர்க்க வேண்டிய கடன், இருக்கிறது என்றார். வங்கிக்கு வீட்டை அடமானம் வைப்பவருக்கும், வைக்க வீடே இல்லாதவருக்கும் உடனே புரியும் சொல் அது.

நகரம் தன் தொழிலாளர்களுக்குச் செய்தது

சாவோ பாவ்லோ நகரின் மக்கள்தொகை 1970இல் ஏறத்தாழ 59 லட்சம். 1980இல் அது 85 லட்சத்தைத் தொட்டுவிட்டது. வடகிழக்கு மாநிலங்களின் வறட்சியிலிருந்தும் நிலமின்மையிலிருந்தும் தப்பி வந்தவர்களே ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் பேருந்துகளிலும் உழைத்தார்கள். இராணுவ ஆட்சி 1964இல் தொடங்கிய தேசிய வீட்டுவசதி வங்கியின் கடன்களில் பெரும்பகுதி நடுத்தர, உயர் வருமானக் குடும்பங்களுக்கே சென்றது. மாத வருமானத்துக்கு ஆவணம் காட்ட இயலாத ஏழைக்கு எஞ்சியது நகர விளிம்பில், அனுமதி பெறாமல் கூறுபோட்டு விற்கப்பட்ட மனை மட்டுமே. பத்திரம் செல்லாது, தண்ணீர் வராது, சாலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வரிசை செங்கல் என்று ஆண்டுக்கணக்கில் தன் கையாலேயே வீடு கட்டிக்கொண்டவனுக்கு, அந்த மனையை விற்றவர் அதன் உரிமையாளரே அல்ல என்பது பல வேளைகளில் கடைசியில்தான் தெரியவந்தது. இத்தகைய மனை மோசடியை 1979இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியது. அதற்குள் நகரின் விளிம்பில் பெரும்பகுதி இப்படியே உருவாகிவிட்டிருந்தது.

இதற்கிடையே, விளிம்புக்கும் மையத்துக்கும் நடுவே பரந்த வெற்று நிலங்கள் விலையேற்றத்துக்காகக் காத்துக் கிடந்தன. தொலைவில் குடியேறிய ஏழைகளுக்காக அரசு நீட்டித்த குடிநீர்க் குழாயும் பேருந்துத் தடமும் இந்த வெற்று நிலங்களைக் கடந்தே சென்றன. போராடிப் பெற்ற ஒவ்வொரு வசதியும் அந்நிலங்களின் விலையை உயர்த்தி, அதே ஏழைகளை அவற்றிலிருந்து மேலும் தள்ளி நிறுத்தியது. இந்தக் கணக்கைப் பங்குகளின் (ஓர் ஆலயத்தைச் சுற்றிய உள்ளூர்த் திருச்சபைச் சமூகங்களின்) கூட்டங்களில் எழுத்தறிவில்லாதவர்களும் தெளிவாகப் போட்டுக் காட்டினார்கள்.

முதலில் விற்கப்பட்டது ஆயர் இல்லம்

1970இல் சாவோ பாவ்லோவின் பேராயரான பவுலோ எவரிஸ்டோ ஆர்ன்ஸ், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1973இல் அவர் கர்தினால் ஆனார். அதே ஆண்டில் பேராயரின் அரண்மனையை விற்று, கிடைத்த பணத்தை நகர விளிம்பில் மனைகள் வாங்கவும் சமூகக் கூடங்கள் கட்டவும் செலவிட்டார். பிறருடைய சொத்தின் மீது சமூக அடமானம் இருக்கிறது என்று சொல்லும் தகுதியை, தன் சொத்தின் மீதான கடனை முதலில் தீர்த்ததன் மூலம் அத்திருச்சபை தேடிக்கொண்டது. இந்த வரிசை முக்கியமானது என்று கருதுகிறேன். அறிக்கை முதலில் வந்து, விற்பனை பின்னால் வந்திருந்தால் அதே சொற்களுக்கு அந்த எடை இருந்திருக்காது.

அந்தக் கூடங்களில் அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கத்து மக்களின் சிறு கிறித்தவக் குழுக்கள், கூடின. இறைவார்த்தையை வாசித்து, அன்றாட வாழ்வைப் பார்த்து, ஆராய்ந்து, செயலில் இறங்கும் முறை அங்கே பழக்கமானது. இராணுவ ஆட்சியில் சங்கங்களும் கட்சிகளும் ஒடுக்கப்பட்டிருந்ததால், பத்துப் பேர் அச்சமின்றி உட்கார்ந்து பேசக்கூடிய இடங்களில் ஒன்றாகப் பங்கின் கூடம் இருந்தது. குழந்தைகள் காப்பகம், மருத்துவ நிலையம், விலைவாசி ஆகியவற்றுக்கான இயக்கங்களை அங்கிருந்து வளர்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கான குழுக்களும் அதே நாற்காலிகளில்தான் பிறந்தன. கிழக்கே சாவோ மிகேல் பகுதியின் துணை ஆயராக 1975 முதல் 1989 வரை இருந்த அஞ்செலிக்கோ சாந்தலோ பெர்னார்தினோவும், பெலேம் பகுதியின் துணை ஆயராக இருந்த லூசியானோ மென்டெஸ் தெ அல்மேய்தாவும் இக்குழுக்களுக்கு வெளிப்படையாகத் துணை நின்றார்கள்.

1982இல் பிரேசில் ஆயர் பேரவை இத்தாய்சியில் கூடி, நகர நிலம் பற்றித் தனி ஆவணமே வெளியிட்டது. குடியிருப்பதற்கான இயல்புரிமை, நில உடைமையை ஒழுங்குபடுத்தும் சட்டத்துக்கு முந்தையது என்பது அதன் மையக் கருத்து. வாழ்வதற்கான சொத்தையும் ஊக வணிகத்துக்காகப் பூட்டி வைத்த சொத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று அது வாதிட்டது. கட்டட இயலாளர்களும் வழக்கறிஞர்களும் நகரத் திட்டமிடலில் செய்ய வேண்டியவற்றையும் தொட்டுக்காட்டியதால், அந்த ஆவணம் ஆலயத்துக்கு வெளியிலும் கையில் பிடித்துப் படிக்கப்பட்டது.

1987இன் நில நுழைவுகள்

1986இல் தேசிய வீட்டுவசதி வங்கி கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே வாடகை கூலியை விழுங்கத் தொடங்கியிருந்தது. 1987இன் முதல் மாதங்களில் கிழக்குப் பகுதியில் இத்தக்கேரா, சாவோ மிகேல், குவாயனாசெஸ் முதலிய இடங்களின் வெற்று நிலங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கம்பும் துணியும் கொண்டு நுழைந்தன. அப்போதைய மேயர் ஜானியோ குவாத்ரோஸின் மாநகரக் காவலர்கள் பல இடங்களில் கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள்; துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார்.

மறைப்பணியாளர்களுக்கு இது நேரான கேள்வியை வைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்ன கொடிய வறுமை இதுதானா? தேவைக்காக எடுத்துக்கொள்ளும் உரிமை ரொட்டிக்கு மட்டுமா, மனைக்கும் உண்டா? எல்லாப் பங்குத்தந்தையரும் ஒரே விடை சொல்லவில்லை. உடன் நின்றவர்கள் நுழைவைப் புனிதமாக்கி முழங்கியதைக் காட்டிலும், காவலருக்கும் குடும்பங்களுக்கும் நடுவே போய் நின்று பேச்சுவார்த்தைக்கு வழி செய்ததே அதிகம். அதே ஆண்டில் பல குழுக்கள் சேர்ந்து வீட்டுரிமை இயக்கங்களின் ஒன்றியத்தை உருவாக்கின. வத்திக்கானில் உள்ள திருப்பீடத்தின் நீதி அமைதி ஆணையமும், வீடற்றோருக்கான ஐக்கிய நாடுகளின் ஆண்டை ஒட்டி, வீடற்ற சகோதரனுக்கு என்ன செய்தாய் என்று கேட்கும் தலைப்பில் ஓர் ஆவணத்தை அந்த டிசம்பரில் வெளியிட்டது.

பொதுப்பணம், மக்கள் நிர்வாகம்

1989இல் தொழிலாளர் கட்சியின் லூயிசா எருந்தினா மேயரானார். வடகிழக்கின் பராயீபா மாநிலத்திலிருந்து வந்த சமூகப் பணியாளர் அவர். குடிசைப் பகுதி மக்களோடு பல ஆண்டுகள் பணியாற்றியவர். வீட்டுவசதித் துறையை எர்மினியா மரிகாத்தோ ஏற்றார். இயக்கங்கள் முன்வைத்த கோரிக்கை மனைக்கும் கடனுக்கும் அப்பால் சென்றது. மாநகராட்சி பணத்தை, வீடு தேடும் குடும்பங்களின் சங்கத்திடம் தவணைகளாகத் தர வேண்டும். சங்கமே தன் கட்டட இயலாளரைத் தேர்ந்து, பொருள் வாங்கி, கொத்தனாரை அமர்த்தி, கணக்கு ஒப்படைக்க வேண்டும். உறுப்பினர் குடும்பங்கள் வார இறுதியில் கூட்டுழைப்பு தர வேண்டும். முச்சிராவ் என்று பிரேசிலில் அழைக்கப்படும் இந்தக் கூட்டுழைப்பு கிராமங்களில் பழையது. அதற்குச் சுயநிர்வாக வடிவம் கொடுக்க உதவியது, 1968இன் வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் உருகுவேயில் வளர்ந்த பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளின் முன்மாதிரி. எருந்தினாவின் நான்கு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இம்முறையில் தொடங்கப்பட்டன.

துணைநிலைக் கோட்பாடு பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்த இடம் என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பங்குக் கூடத்தில் வாசகம் வாசித்த பெண், சிமெண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுக் கையெழுத்திட்டார். ஒவ்வொரு தவணைக்கும் வேலை அளக்கப்பட்டு, இரசீதுகள் பொதுக் கூட்டத்தில் படிக்கப்பட்டன. வீட்டின் வரைபடத்தையும் குடும்பங்கள் விவாதித்தே முடிவு செய்தன.

ஒரு கட்டுமானத் தளத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். சப்போபெம்பா பகுதியின் ஜூட்டா பண்ணை நிலத்தில், கிழக்குப் பகுதி இயக்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் 1990களில் மாநில அரசின் நிதியோடு 160 அடுக்ககங்களைக் கட்டின. 1990இல் தொடங்கப்பட்ட உசினா என்ற கட்டட இயலாளர் குழு தொழில்நுட்பத் துணை தந்தது. வழக்கமாகச் சுவர்கள் எழுந்த பிறகே படிக்கட்டு வரும். இங்கே அடித்தளம் போட்டவுடன், பட்டறையில் செய்த இரும்புப் படிக்கட்டு முதலில் நிறுத்தப்பட்டது. அதன் தூண்களே தூக்குக்குண்டுக்குப் பதிலாக நேர்க்கோட்டையும் தளமட்டத்தையும் காட்டின. புதிதாகக் கரண்டி பிடித்தவர் கட்டும் சுவரும் கோணாமல் எழும்பியது. சாரத்தில் தொற்றி ஏற வேண்டியதில்லை. வயதானவர்களும் பெண்களும் பொருள்களோடு பாதுகாப்பாக மேலே போய் வரலாம். சுமை தாங்கும் சுவர்களுக்குக் கான்கிரீட் கற்களைவிட எடை குறைந்த சுட்ட களிமண் துளைக்கற்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. உழைப்பவரின் மாண்பு என்று சுற்றுமடல்கள் சொல்வதை ஒரு கட்டட இயலாளர் தன் வரைபடத்தில் எங்கே எழுத முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. குடியிருப்போடு சமூகக் கூடம், குழந்தைகள் காப்பகம், ரொட்டி அடுமனை ஆகியவையும் சேர்த்தே கட்டப்பட்டன.

ஞாயிறு ஓய்வு என்னும் சிக்கல்

இங்கேயே மிகக் கனமான எதிர்வாதமும் எழுகிறது. ஏழைகள் தங்கள் ஓய்வு நாளில் ஊதியமின்றி வீடு கட்டிக்கொள்வதால், வாடகை தேவைப்படாத மலிவான கூலியாளைத் தொழிலதிபர் பெறுகிறார் என்று சமூகவியலாளர் பிரான்சிஸ்கோ தெ ஒலிவேய்ரா 1970களிலேயே எடுத்துக்காட்டினார். கூட்டுழைப்பு வீட்டுத் திட்டங்களையும் அதே அடிப்படையில் பின்னர் விமர்சித்தார். திருச்சபையின் பார்வையிலிருந்தும் இந்த விமர்சனத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. தொழிலாளிக்கு ஞாயிறு ஓய்வு கிடைத்தே ஆக வேண்டும் என்று வலியுறுத்தியது 13ஆம் லியோவின் அதே சுற்றுமடல். ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் கல் சுமக்கும் தாயிடம் தோழமை உணர்வைப் புகழ்ந்து பேசுவது எளிது. அவருடைய பிள்ளைகளை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பதே நேர்மை.

இயக்கத்தினர் இதற்குத் தந்த விடை நடைமுறை சார்ந்தது. வார நாள்களில் ஊதியம் பெறும் கொத்தனார்கள் வேலை செய்தார்கள். தளத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் முறை வைத்து, அவையும் கட்டுமான வேலைக்கு நிகரான மணிநேரமாகக் கணக்கிடப்பட்டன. காலப்போக்கில் பல சங்கங்கள் குடும்பங்களின் உடலுழைப்பைக் குறைத்து, நிர்வாகத்தை மட்டும் தம் கையில் வைத்துக்கொண்டன. இந்தக் கடைசி மாற்றமே சரியான திசை என்று நினைக்கிறேன். மக்களுக்கு உரியது தீர்மானிக்கும் அதிகாரம். கலவை சுமப்பது அந்த அதிகாரத்துக்கான கட்டணமாகிவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல், யாருக்கு வீடு முதலில் என்பது. கூட்டம், ஊர்வலம், வேலை ஆகியவற்றில் பங்கேற்றதற்குப் புள்ளிகள் கொடுத்து வரிசை அமைக்கும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. உழைத்தவருக்கு முன்னுரிமை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டுக் கூட்டத்துக்கு வர முடியாத பெண் அந்த வரிசையில் பின்னால் போகிறார். ஏழைகளில் மிக ஏழையை முதலில் நோக்கு என்ற படிப்பினையும், பங்கேற்பு வேண்டும் என்ற படிப்பினையும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. விதிவிலக்குகளை யார் தீர்மானிப்பது என்பதைப் பொறுத்தே ஒரு சங்கத்தின் தரம் வெளிப்படுகிறது.

அரசு விலகியபோது

1993இல் பவுலோ மலூஃப் மேயரானதும் கூட்டுழைப்புத் திட்டங்களுக்கான தவணைகள் நின்றன. கூரையில்லாத சுவர்கள் மழையில் நனைந்தன. பல தளங்களில் வேலை ஆண்டுக்கணக்கில் முடங்கியது. மக்கள் தாமே செய்துகொள்வார்கள் என்ற வாசகத்தை ஆட்சியாளர் சொன்னால் அதன் பொருள் எவ்வளவு மாறிவிடுகிறது என்பதற்கு அந்தச் சுவர்களே சாட்சி. 11ஆம் பயஸ் வரையறுத்த கோட்பாட்டில் மேலமைப்புக்கு உதவும் கடமை உள்ளடங்கியது. அதை வெட்டிவிட்டால் எஞ்சுவது கைவிடல்.

அதே ஆண்டுத் தவக்காலத்தில் ஆயர் பேரவை ஆண்டுதோறும் நடத்தும் சகோதரத்துவ இயக்கம் வீட்டுரிமையைக் கருப்பொருளாக எடுத்தது. ‘எங்கே தங்கியிருக்கிறீர்?’ என்று யோவான் நற்செய்தியில் சீடர்கள் இயேசுவிடம் கேட்ட கேள்வியே அதன் முழக்கம். நாடெங்கும் பங்குகளில் அது பேசப்பட்டதற்கு ஓர் உடனடித் தேவையும் இருந்தது. 1991 நவம்பரில், ஏறத்தாழ பத்து லட்சம் கையெழுத்துகளோடு, மக்கள் வீட்டுவசதி நிதியம் கோரும் சட்டமுன்வரைவை இயக்கங்கள் நாடாளுமன்றத்தில் கொடுத்திருந்தன. 1988 அரசமைப்பின் கீழ் மக்களே முன்வைத்த முதல் சட்டமுன்வரைவு அது. 2005 ஜூனில்தான் 11.124ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. இடையில் 2000இல் வீட்டுரிமை அரசமைப்பின் சமூக உரிமைகளில் சேர்க்கப்பட்டது. 2001இன் நகரச் சட்டம், வெற்று நிலத்தைப் பூட்டி வைப்பவர் மீது ஆண்டுக்காண்டு உயரும் வரியையும், அதன்பின் கையகப்படுத்தலையும் விதிக்க மாநகராட்சிகளுக்கு வழி வகுத்தது. சமூக அடமானம் என்ற சொல் சட்டத்தில் இல்லை. அதன் உள்ளடக்கம் இருக்கிறது.

பணம் எங்கே போனது என்பது வேறு கதை. 2009இல் கூட்டாட்சி அரசு தொடங்கிய ‘என் வீடு என் வாழ்வு’ என்னும் பெருந்திட்டத்தின் நிதியில் மிகப் பெரும்பகுதி கட்டுமான நிறுவனங்கள் வழியாகவே சென்றது. சங்கங்களுக்கென ஒதுக்கப்பட்ட பிரிவு சிறியது. அதைப் பயன்படுத்திய குழுக்கள் அதே தொகையில் பரப்பு கூடிய வீடுகளைக் கட்டிக் காட்டியும் விகிதம் பெரிதாக மாறவில்லை.

உடைமை என்ற முடிச்சு

உருகுவேயிடமிருந்து பிரேசில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு. அங்கே வீடு கூட்டுறவின் உடைமை. குடும்பத்துக்குத் தலைமுறை தாண்டியும் நிலைக்கும் குடியிருப்புரிமை. சாவோ பாவ்லோவில் வீடுகள் முடிவில் தனித்தனிக் குடும்பத்தின் பெயருக்கே சென்றன. வாழ்நாள் முழுவதும் துரத்தப்பட்டவர் தன் பெயரில் பத்திரம் கேட்பதில் குறை காண யாருக்கும் உரிமையில்லை. 13ஆம் லியோவும் அதையே விரும்பினார். ஆயினும் மக்கள் உழைப்பாலும் பொதுப்பணத்தாலும் எழுந்த வீடு சந்தைக்குள் நுழைந்ததும், அடுத்த ஏழைக்கு எட்டாத விலையை அடையக்கூடும். குடும்பத்தின் பாதுகாப்பையும் அடுத்தவருக்கான உரிமையையும் ஒருசேரக் காக்கும் குடியிருப்புரிமை முறையே படிப்பினையின் இரு பக்கங்களுக்கும் நெருக்கமானது என்பது என் கருத்து. பிரேசிலில் அதற்கான சட்ட வடிவத்துக்காக இயக்கங்கள் இன்னும் முயன்றுவருகின்றன.

திருச்சபையின் பங்கும் முன்போல் இல்லை. 1989இல் வத்திக்கான் பேராயரின் ஆளுகைப் பகுதியான சாவோ பாவ்லோ உயர்மறைமாவட்டத்தைப் பிரித்து, சாவோ மிகேல் உட்பட நான்கு புதிய மறைமாவட்டங்களை அமைத்தது. நகரம் ஒன்றாக இருப்பதால் மறைப்பணியும் இணைந்தே நடக்க வேண்டும் என்று ஆர்ன்ஸ் முன்மொழிந்த வடிவம் ஏற்கப்படவில்லை. விளிம்புப் பகுதிகளில் பெந்தகோஸ்து சபைகள் வளர்ந்தன. இயக்கத்தின் கூட்டங்களில் இன்று பல சபையினரும் எந்தச் சபையையும் சாராதவர்களும் ஒன்றாக அமர்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 அக்டோபரில் மக்கள் இயக்கங்களை வத்திக்கானுக்கு அழைத்து, நிலம், வீடு, வேலை மூன்றும் புனிதமான உரிமைகள் என்றும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு வேண்டும் என்றும் கூறியபோது, பல பத்தாண்டுகளாகப் பங்குக் கூடங்களில் பேசப்பட்டது உலக அரங்கில் ஒலித்தது.

ஆயர் பேரவை 2026இன் தவக்கால இயக்கத்துக்கு வீட்டுரிமையை மீண்டும் கருப்பொருளாக்கியிருக்கிறது. கூட்டங்களில் வாசிக்கப்படும் கையேடுகளோடு, ஒவ்வொரு மறைமாவட்டமும் துறவற சபையும் தன் பெயரில் வெறுமையாக வைத்திருக்கும் மனைகளின், மூடிக் கிடக்கும் கட்டடங்களின் பட்டியலையும் அதே கூட்டங்களில் வைக்க வேண்டும். அவற்றில் எவை சங்கங்களின் கையில் குடியிருப்பாகலாம் என்று கட்டட இயலாளரும் வழக்கறிஞரும் குடும்பங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1973இல் அந்த நகரின் பேராயர் தொடங்கியது அங்கிருந்துதான்.